ஆபீசர் வருகிற நாளில் கிணற்றுத் தண்ணீர்

அறுபதுகளின் பிற்பாதியில் நான் பார்த்த வேலை என்னவென்று என் வீட்டாருக்கு விளங்க வைக்க முடிந்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்போது வட்டார வேளாண்மை வளர்ச்சித் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. விதை கொடுப்பவர்கள் வேறு, உரம் கொடுப்பவர்கள் வேறு, கிணறு வெட்ட உதவுபவர்கள் வேறு. கொடுத்ததெல்லாம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததனால் ஏதாவது விளைந்ததா என்று நேரில் பார்த்து எழுதுகிற மதிப்பீட்டுப் பிரிவில் நான் கள ஆய்வாளன். எங்கள் வீட்டில் தறி போய்ப் பனியன் வந்திருந்த நேரம் அது. வீரபாண்டியில் பனியன் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்த என் சித்தப்பா, "அடுத்தவன் காட்டுல பயிர் எப்படி இருக்குதுன்னு எட்டிப் பாக்கறதுக்கா சம்பளம்? நாங்க அதையச் சும்மாவே பண்றமே" என்பார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். "நீங்க வேணா துணியை வெளுக்காம உட்டுட்டு வந்து பண்ணிப் பாருங்க" என்று கத்திவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் கத்துவோம். பாதி தூரம் போன பிறகு சித்தப்பா சொன்னது சரிதானோ என்று தோன்றும். அதனால் கோபம் இன்னும் ஏறும்.

பொங்கலூரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன ஊர். அங்கே கணவனை இழந்த ஓர் அக்கா தனி ஆளாகத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. தோட்டத்தில் பெரிய சதுரக் கிணறு உண்டு, தண்ணீர்தான் இல்லை. அடியில் பாறை தட்டிவிட்டது. பாறை இடுக்கில் குடத்தால் முகந்துகொள்கிற அளவுக்குக் கசியும், அவ்வளவுதான். ஆவணி மழையை நம்பி அவர் பருத்தி போட்டிருந்தார். அதற்குப் பிறகு மழை அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"இந்தப் பாறைக்கு அடியிலதானுங்க ஊத்து இருக்குது. காது வெச்சுக் கேட்டீங்கன்னா ஓடற சத்தம் கேக்குமுங்க" என்றார் அக்கா. நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், என்னைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டுப் பாறையில் காதை வைத்தேன். அந்த உத்தியோகம் என்னை எங்கெல்லாம் கொண்டுபோய் மண்டியிட வைத்தது என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. "கேக்குதுங்களா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கேக்குதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

பாறைக்குத் திட்டத்தில் வழி இருந்தது. கம்ப்ரசர் என்ற இயந்திரத்தை டிராக்டரில் கட்டி இழுத்து வருவார்கள். பாறையைத் துளைத்து, வெடி வைத்து, கிணற்றை ஆழப்படுத்திக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் இயந்திரம் ஒன்று, கிணறுகளோ ஏராளம். வறண்ட கிணறு என்று எங்கள் பிரிவு கண்ணால் பார்த்து எழுதினால்தான் கம்ப்ரசர் அந்தப் பக்கம் திரும்பும்.

திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அக்கா ஒளிக்காமல் சொன்னார். அவருடைய அண்ணன் மண்ணரையில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஓர் ஓட்டுக் கொட்டகையும் சில தையல் மிஷின்களும். பருத்தி காய்ந்துவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு, தைத்த பனியனை மடித்து அடுக்குகிற வேலையைப் பார்த்துக்கொண்டு என்னோடு இருந்துகொள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "அண்ணன் ஊட்டுல ஒவ்வொரு வேளைக்கும் அண்ணி மூஞ்சியப் பாத்துட்டுச் சோத்துக்கு ஒக்காரோணுமுங்க. அதுக்கு நான் இந்தப் பாறை மேலயே படுத்துக்குவேன்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெட்ராஸ்ல இருந்து ஆபீசர் வருவாருங்க. அவரு கண்ணால பாக்கட்டும், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன். ஊர் டீக்கடையிலும் நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். ஆபீசர் வருவார், வீடு வீடாகப் பார்ப்பார், தோட்டத்தைச் சுற்றி வருவார், மாடு கன்று பார்ப்பார், கிணற்றை எட்டிப் பார்ப்பார் என்று விலாவாரியாகச் சொன்னேன். அங்கேதான் வினை பிடித்தது.

எங்கள் கொங்குப் பக்கத்தில் இப்படி வந்து மாட்டையும் தோட்டத்தையும் பார்த்துக் கிணற்றையும் எட்டிப் பார்க்கிறவர்கள் ஒரே ஒரு ரகம்தான், பெண் கொடுக்க வருகிறவர்கள். அதற்கு 'ஊடு பாக்க வர்றது' என்று பெயர். வருகிறார்கள் என்று தெரிந்தால் ஊரே சேர்ந்து அந்த மாப்பிள்ளை வீட்டை ஒப்பேற்றிவிடும். பக்கத்து வீட்டுக் காளைகள் வந்து இந்தக் கட்டுத்தறியில் நிற்கும். எதிர்வீட்டு அண்டா வந்து அடுப்படியில் உட்காரும். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. இன்றைக்கு நான் கொடுத்தால் நாளைக்கு என் மகனுக்கு நீ கொடுப்பாய், அதுதான் முறை. வெளியாள் முன்னால் ஊரில் ஒருவனும் இல்லாதவனாக நிற்கக் கூடாது. எங்களைப் போன்ற நெசவுக் குடும்பத்தில் இரவல் கொடுக்க என்ன இருக்கிறது? தறியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதனால் அரசாங்க ஜீப்புக்கும் இந்த மரியாதை நடக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஆபீசர் வந்தார். தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா. நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் நம்புவார். மதிப்பீட்டுக்காரனுக்கு இருக்கவே கூடாத குணம். முதல் வீட்டுக் கட்டுத்தறியில் ஒரு ஜோடி காங்கேயம் காளைகள் கம்பீரமாக நின்றன. ஆபீசர் தட்டிக் கொடுத்தார். அடுத்த வீட்டிலும் ஒரு ஜோடி. அதற்கடுத்த வீட்டிலும் ஒரு ஜோடி. ஜீப் தார்ச் சாலையைச் சுற்றிக்கொண்டு போவதற்குள், இரண்டு பக்கமும் கள்ளிவேலி வைத்த இட்டேரிப் பாதையில் குறுக்கே நடந்து காளைகள் முந்திக்கொண்டிருந்தன. எனக்கு இரண்டாவது வீட்டிலேயே புரிந்துவிட்டது, ஏனென்றால் அங்கேயும் ஒரு காளைக்கு இடது கொம்பு நுனி முறிந்திருந்தது.

ஆபீசரும் அதைக் கவனித்தார். "இந்த வட்டாரத்தில் எல்லார் வீட்டிலும் ஒரு காளைக்கு இடக்கொம்பு முறிந்திருக்கிறதே, இது இந்த இனத்தின் குணமா?" என்று என்னிடம் கேட்டார்.

"அப்படித்தானுங்க சார் இருக்கும்" என்றேன். மிகுந்த அக்கறையோடு எழுதிக்கொண்டார். கடைசி வீட்டில் காளைகள் நுரை தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அதையும் எழுதிக்கொண்டார்.

அக்கா தோட்டத்தில் ஜீப் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மாட்டை இரவல் வாங்கலாம், அண்டாவை வாங்கலாம், கிணற்றை எவன் என்ன செய்துவிட முடியும்? ஆபீசர் எட்டிப் பார்த்து, "வெரி குட்" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். நான் மண்டியிட்ட பாறையைக் காணோம். அதற்கு மேல் ஓர் ஆள் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதில் என் முகம் பேய் முழி முழித்துக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தோட்டம் அக்காவுடைய கொழுந்தனாருடையது, அதாவது இறந்துபோன கணவரின் தம்பி. அவர் கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆயில் எஞ்சினும் உண்டு. ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அக்காவின் மகள் கல்யாணத்துக்கு அவரை நேரில் போய் அழைக்காமல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள் என்பது சண்டை. கணவனை இழந்தவள் கல்யாணச் சேதி சொல்லிக்கொண்டு படியேறக் கூடாது என்பது ஊர் வழக்கம், அதனால் அக்கா போகவில்லை. நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்பதும் ஊர் வழக்கம், அதனால் அவர் வரவில்லை. இரண்டு பேரும் வழக்கத்தை ஒழுங்காகக் காப்பாற்றிவிட்டு ஜென்ம விரோதிகள் ஆகிவிட்டார்கள். அப்படிப்பட்ட மனிதர், வெளியூர் ஆபீசர் வருகிறார் என்றதும், தன் குடும்ப வகையறாக் கிணறு வறண்டு கிடப்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று, முதல் நாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எஞ்சினை ஓட்டி வாய்க்கால் வெட்டி இந்தக் கிணற்றை நிரப்பியிருக்கிறார். இப்போது தன் பக்கத்து வேம்படியில் இந்தப் பக்கம் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், போன மாசம் நான் வந்தப்ப இந்தக் கெணத்துல தண்ணி இல்லீங்க. இது இவங்க தண்ணி இல்லீங்க" என்றேன்.

ஆபீசர் அக்காவைப் பார்த்து, "அப்படியா அம்மா?" என்றார்.

அக்கா கிணற்றைப் பார்த்தார். வேம்படியில் தெரிந்த முதுகைப் பார்த்தார். "இல்லீங்க. எப்பவும் இருக்கற தண்ணிதானுங்க" என்றார். அவர் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். ஆபீசர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நீர் போதுமான அளவு உள்ளது' என்று எழுதி முடித்து, கிணற்றை ஒரு படமும் எடுத்துக்கொண்டார். கம்ப்ரசர் வேறு ஊருக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்துச் சண்டை பிடிப்பதற்காகவே சைக்கிளில் போனேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா கெணறு ஆழமாயிருக்குமுங்க அக்கா. உங்க வாயாலயே கெடுத்துக்கிட்டீங்களே" என்று நடுத் தோட்டத்தில் நின்று கத்தினேன்.

"எப்படிங்க சொல்றது? அத்தனை வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன மனுசன் வாய்க்கால வெட்டித் தண்ணியத் திருப்பி உட்டிருக்கறாரு. அவரையும் வெச்சுக்கிட்டு, இது அவரு ஊட்டுத் தண்ணின்னு யாரோ ஒருத்தருகிட்டக் காட்டிக் குடுக்கறதுங்களா?" என்றார். பிறகு அழுதுவிட்டார். அழுகிறவரை எப்படித் திட்டுவது? நான் பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், ஆபீசர் வந்த அன்றைக்கு வாடித் தொங்கிய செடிகள் நிமிர்ந்து நின்றன. கிணற்றில் விழுந்த தண்ணீரை அக்கா வீணாக்கவில்லை. தன் கிழட்டு மாட்டு ஜோடியைப் பூட்டி, தோல்பையால் மொள்ளுகிற கவலை ஏற்றத்தில் இறைத்துப் பருத்திக்குப் பாய்ச்சியிருந்தார்.

"கெணத்துல ஊத்தி மறுபடி எறைக்கறதுக்கு நேரா பருத்திக்கே உட்டிருக்கலாமுங்களே?" என்றேன்.

"அதெப்படிங்க? பருத்திக்கு உட்டா அது எனக்குக் குடுத்த மாதர ஆயிருமுங்க. எங்களுக்குள்ள பேச்சு இல்லீங்களே. கெணத்துக்கு உட்டா அது வகையறா மானத்துக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்ட கையோடு யோசனையும் வந்தது. போகிற வழியில் டீக்கடையில் இறங்கி, வேண்டுமென்றே உரக்க, "அடுத்த வாரம் ஆபீசர் மறுபடி வர்றாருங்க. மறு ஆய்வு. முக்கியமாக் கெணறு பாக்கறாரு" என்றேன். ஆபீசர் சென்னையில் தன் பாட்டுக்கு இருந்தார். ஆனால் அடுத்த வாரம் ஆயில் எஞ்சின் ஓடியது, கிணறு நிரம்பியது, பருத்தி குடித்தது.

அதற்குப் பிறகு அதுவே என் முழுநேர வேலையாகிவிட்டது. மறு ஆய்வு முடிந்ததும் தொடர் ஆய்வு வந்தது. அதற்குப் பிறகு இடைக்கால மதிப்பீடு, மேலாய்வு, பருவ ஒப்பீடு, மேலாய்வின் மீதான சரிபார்ப்பு. பருத்தி வாட வாட நான் பெயர் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன். திட்டம் கொடுத்த விதை முளைக்கவில்லை, உரம் பாதி வழியில் காணாமல் போனது, கம்ப்ரசர் எங்கோ பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. அந்த ஊரில் பயிருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது எங்கள் மதிப்பீட்டுப் பிரிவு மட்டும்தான்.

ஊர்க்காரர்கள் சலித்துப்போனார்கள். இடக்கொம்பு முறிந்த காளையின் சொந்தக்காரர் என்னை வழிமறித்து, "ஏனுங்க சார், பொண்ணுக் குடுக்க வர்றவிய கூட ஒரு தடவ பாத்துட்டு முடிவச் சொல்லிப்போடுவாங்க. உங்க ஆபீசருக்கு இன்னும் மனசு ஒத்து வரலீங்களா?" என்று கேட்டார். மாடு இளைத்துவிட்டதாம். யாருமே வராமல் ஆய்வு ஆய்வு என்று சொல்லிக்கொண்டிருந்தால் குட்டு உடைந்துவிடும் என்று பயமாக இருந்தது. ஆகவே ஒரு தடவை எங்கள் ஜீப் டிரைவரையே இன்னொரு ஆபீசராக்கினேன். அவர் திருநெல்வேலிக்காரர். ஜீப்பையும் ஓட்டிக்கொண்டு ஆபீசராகவும் இருப்பது எப்படி என்பது பெரிய சிக்கலாகிவிட்டது. ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

"ஒண்ணும் பேசாதீங்க. எட்டிப் பாத்துட்டு 'ம்' மட்டும் போடுங்க" என்று சொல்லிக் கூட்டி வந்தேன். மனிதர் எட்டிப் பார்த்து 'ம்' போட்டார். அத்தோடு நிறுத்த மனம் வரவில்லை. "தண்ணி நல்லாத்தான் கெடக்கு. ஆனா இந்தத் தண்ணிய உள்ள ஊத்தி ஊத்தி எடுக்கேளே, ஒங்களுக்கு வேற சோலி இல்லியா?" என்று கேட்டுவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் பவ்யமாக, "சரிங்க, ஆபீசர் சொல்றது சரிங்க" என்றார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

மார்கழியில் எங்கள் பிரிவையே மதிப்பீடு செய்ய மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இந்த மதிப்பீட்டுப் பிரிவால் நாட்டுக்கு என்ன பயன் என்று பார்ப்பதற்காம். நாங்கள் சும்மா இருப்போமா? பக்கத்து அலுவலகத்திலிருந்து மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றையும் இரவல் வாங்கிப் போட்டோம். தட்டச்சு இயந்திரம்கூட வந்தது. வந்தவர்கள் சுற்றிப் பார்த்து, இந்தப் பிரிவுக்கு வேண்டியதெல்லாம் குறைவில்லாமல் இருக்கிறது, இதன் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று எழுதிப் பிரிவையே மூடிவிட்டார்கள். ஜீப் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போயிற்று. என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

எனக்கு அக்காவின் பருத்திதான் கண்ணுக்குள் நின்றது. காய் திரள்கிற சமயம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் தேறிவிடும், பாயாவிட்டால் பிஞ்சாகவே உதிர்ந்துவிடும். பிறகு மண்ணரை அண்ணன் வீடுதான். இனி எந்த ஆபீசரும் வரமாட்டார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று புழுங்கிக்கொண்டே ஒரு புதன்கிழமை சைக்கிளை மிதித்தேன்.

இட்டேரியில் திரும்பும் இடத்தில் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். அதுவரை என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சைக்கிளை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"ஏனுங்க சார், ஆபீசர் அடுத்தாப்புல எப்பங்க வர்றாரு?"

பொய் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு ஏனோ வாயில் உண்மை வந்துவிட்டது. "இனிமேல் யாரும் வரமாட்டாங்க. ஆபீசையே மூடிட்டாங்க."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "காய் புடிக்கற சமயமுங்க. பருத்தி வாடுதுங்க" என்றார். எந்தப் பருத்தி என்று சொல்லவில்லை. அவருடைய தோட்டத்தில் அந்த வருஷம் மஞ்சள்தான் போட்டிருந்தார்.

"அப்படின்னா உடுங்களேன். உங்க தண்ணி, உங்க அண்ணன் தோட்டம். உங்களை யாருங்க தடுத்தாங்க?" என்று சள்ளென்று விழுந்தேன்.

"என்னன்னு சொல்லி உடறதுங்க?" என்றார். பெரிய மீசைக்கார மனிதர், பள்ளிக்கூடத்தில் வழக்குச் சொல்லும் பிள்ளையைப் போல நின்றார். "மூடுனத அங்க போயிச் சொல்லிப்போடாதீங்க. வெள்ளிக்கெழம வர்றாங்கன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தன் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவருக்கு எல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்?

அக்கா களத்தில் இருந்தார். "வெள்ளிக்கெழம ஆபீசர் வர்றாருங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துத் தோட்டத்தில் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பொழுது கிடந்தது. அக்கா மம்பட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீரை வழக்கம்போலக் கிணற்றுக்குத் திருப்பிவிடப் போனார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

திருப்ப வேண்டியிருக்கவில்லை. கிணற்றுக்குப் போகும் வாயை யாரோ மண் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். தண்ணீர் நேராகப் பருத்திக்குள் போய்க்கொண்டிருந்தது, முதல் பாத்தி ஏற்கெனவே நனைந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மம்பட்டியோடு ஒரு முதுகு தெரிந்தது. அக்கா தண்ணீருக்குள் நின்றார். கண் நிறைந்து வழிந்தது, வாயில் சிரிப்பு இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டு, ஆனால் அந்தப் பக்கம் கேட்கும்படி, "ஏனுங்க சார், வெள்ளிக்கெழம ஆபீசர் வந்தாருன்னாக் கெணத்துல என்னத்தைங்க காட்டறது?" என்று கேட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, முதுகு திரும்பாமலே, குரல் வந்தது.

"பருத்தியக் காட்டச் சொல்லுங்க சார்."

அக்காவுக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது. இருந்தாலும் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த நான், "பருத்தியக் காட்டச் சொல்றாருங்க" என்று அவரிடம் சொன்னேன்.